ஓடக்காரியும் இரண்டு பயணிகளும்

என் சித்தப்பா மகன் வேதாரண்யத்துக்காரன். கேட்டரிங் படித்துவிட்டு ஓர் உல்லாசக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கிறான். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது பேச்சு எப்படியோ காதலில் வந்து நின்றது.

"மொத நாளே சொல்லிடுவாங்கண்ணே. கெஸ்ட்கிட்ட சிரிக்கலாம், பேசலாம். அதுக்கு மேல போனா அடுத்த துறைமுகத்துல எறக்கி விட்டுருவாங்க. வேலை செய்யுறவங்க எங்களுக்குள்ள லவ் பண்ணிக்கிட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அதைக் கேட்டதும் எனக்குப் பூங்குழலி ஞாபகம்தான் வந்தது. வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டினால் கோடிக்கரை. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் அவள் அந்தக் கரையின் ஓடக்காரி. கலங்கரை விளக்கத்தைக் காக்கும் தியாகவிடங்கரின் மகள். அவளை 'நிறைவேறாத காதலின் நாயகி' என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அது போதவில்லை. அவளுடைய சிக்கல் வேலை சம்பந்தப்பட்டது. கரையேறியதும் போய்விடுகிறவர்களை ஏற்றிச் செல்வதுதான் அவள் வேலை.

முதல் பயணி வந்தியத்தேவன். குந்தவை கொடுத்த ஓலையோடு இலங்கைக்குப் போகிறான். அந்த ஓலை யாருக்குப் போகிறதோ அந்த அருள்மொழியைத்தான் இவள் மனதில் வைத்திருக்கிறாள். ஆக, துடுப்புப் போடும் கை இவளுடையது, சேதி இன்னொருத்தியுடையது. இதைக் கல்கி எங்கும் விளக்கவில்லை. விளக்காததே அந்த அத்தியாயங்களின் பலம். சதுப்பு நிலத்துக் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று அவள் காட்டும் இடத்தைச் சின்ன வயதில் சிரித்துக்கொண்டே படித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. கிட்டே போனால் அணைந்துவிடும் வெளிச்சம் அது.

இரண்டாவது பயணி அருள்மொழியேதான். புயலுக்குப் பிறகு கடலிலிருந்து அவனை மீட்டு, காய்ச்சலோடு கால்வாய் வழியாக நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்குக் கொண்டு போகிறாள். அந்தப் படகில் சேந்தன் அமுதனும் இருக்கிறான். தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூக்கொடுக்கும் அத்தை மகன். இளவரசன் படுத்திருக்கிறான், அமுதன் இவளோடு சேர்ந்து பாடுபடுகிறான். ஒருவன் பயணி, மற்றவன் கூட வேலை செய்கிறவன். யார் யாருக்கு என்பதைக் கல்கி அந்தக் காட்சியிலேயே முடிவு செய்துவிட்டார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அதனால்தான் நாவலின் முடிவு என்னை உறுத்துகிறது. அவள் அமுதனைக் கைப்பிடிப்பது சரி. ஆனால் அவன்தான் கண்டராதித்தரின் நிஜமான மகன், அடுத்த சக்கரவர்த்தி உத்தம சோழன் என்று கதை திரும்புகிறது. ராஜராஜன் 985இல் முடிசூடும் முன் உத்தம சோழன் ஆண்டான் என்பது வரலாறு. அந்த முடிச்சைக் கல்கி கெட்டிக்காரத்தனமாக அவிழ்த்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்தது பூங்குழலி. பூக்குடலை தூக்கியவனுக்கு ஓடக்காரி வாழ்க்கைப்பட்டாள் என்று கதையை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. கூட உழைத்தவனையும் கடைசியில் பயணியாக மாற்றிவிடுகிறார். அவள் ராணியாவதைப் பரிசாக நினைத்து நாமும் கைதட்டுகிறோம். படகை யாரும் விசாரிப்பதில்லை.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், ஏழு நாள் பயணத்தில் தினமும் காலையில் நின்று நாலு வார்த்தை பேசிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னான். கடைசி நாள் அறையில் ஒரு கவர் இருந்ததாம்.

"டிப்ஸ்தாண்ணே. ஆனா எம் பேரத் தப்பில்லாம எழுதியிருந்தாங்க. பணம் செலவாயிடுச்சு, கவர் இருக்கு."

அருள்மொழி பூங்குழலியை 'சமுத்திர குமாரி' என்று அழைத்தான். அவளும் அந்தப் பெயரை ரொம்ப நாள் வைத்திருந்தாள்.