எண்ணூர் சாலையின் கெட்ட பெயர்

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் செல்லும் கடற்கரைச் சாலை ஆபத்தானது என்பது வடசென்னையில் பலரின் தீர்ப்பு. இது சரிதானா?

விபத்துகளை மட்டும் எண்ணுவது அரைக் கணக்கு. ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்த பிறகே வேறு சாலையோடு ஒப்பிடலாம். மேலும், கொண்டை ஊசி வளைவோ செங்குத்தான ஏற்றமோ இங்கில்லை. பின் ஆபத்து எங்கிருந்து வருகிறது?

துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரி ஒன்று சரக்கோடு 40 டன் என்றும், ஆளோடு ஸ்கூட்டர் 200 கிலோ என்றும் கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி, மோதலில் ஸ்கூட்டர் அடையும் திசைவேக மாற்றம் லாரி அடைவதைப்போல் 200 மடங்கு! மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். நீண்ட லாரி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வாரா. உட்புறமாக வெட்டி வரும். பக்கத்தில் நுழையும் சைக்கிள்காரர் அங்கேதான் சிக்குகிறார்.

ஆகவே அச்சம் நியாயமானதே. ஆனால் குற்றவாளி சாலையன்று, 40 டன்னையும் 200 கிலோவையும் ஒரே தடத்தில் ஓடவிடும் ஏற்பாடு. சாலையைச் சபிப்பதால் எவரும் பொறுப்பேற்கப் போவதில்லை. சிறு வண்டிகளுக்குத் தனித்தடம், வேகக் கட்டுப்பாடு, லாரிகளின் பக்கவாட்டில் தடுப்புக் கம்பிகள் ஆகியவற்றைக் கேட்போம்.