குன்மம், கிராணி, குடற்சுவர்: நோய்ப்பெயர் நிகராக்கம் குறித்த ஒரு திறனாய்வு

சித்த மருத்துவ நோய்ப்பெயர்களுக்கு நவீன மருத்துவத்தில் நிகர் காட்டும் கட்டுரைகள் அண்மையில் பெருகியுள்ளன. ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோயைச் சிலர் குன்மம் என்பர். சிலர் கிராணி என்பர். இரண்டும் ஒருங்கே பொருந்த இயலாது என்பதை அவை பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை.

யூகி வைத்திய சிந்தாமணி குன்மத்தை எட்டாகப் பகுக்கிறது. வாந்தி, எரிவு, வலி, உடல் மெலிவு எனக் குறிகள் விரிகின்றன. உடல் குன்றுவதால் குன்மம் எனப் பொருள் கூறுவது நம் வழக்கம். ஆயினும் வடமொழியில் 'குல்மம்' புதரையும் கட்டியையும் குறிப்பது. சரகர் அதனை ஐந்தாக வகுக்கிறார். சொல் ஒன்றாயினும் நோய்க்கருத்து தமிழில் வேறாக வளர்ந்திருக்கிறது. மாறாக, 2016இல் வெளிவந்த ரோம் நான்காம் வரையறை, மலம் கழித்தலோடு தொடர்புடைய, வாரத்தில் சராசரி ஒரு நாளேனும் வரும் வயிற்றுவலியையும் மலத்தின் இயல்பு மாற்றத்தையுமே கேட்கிறது. மெலிவு அதன் இலக்கணத்தில் இல்லை. மெலிவு கண்டால் மருத்துவர் வேறு நோயை ஐயுறுவார். ஆகவே குன்ம நிகர் வலுவற்றது.

கிராணி சற்று நெருங்கி வருகிறது. அதன் மூலமான 'கிரகணி' நோயையும் உறுப்பையும் ஒருங்கே சுட்டும்; செரியாத உணவைப் பிடித்து நிறுத்திச் செரித்தபின் கீழே விடுவது அவ்வுறுப்பின் தொழில். இதனைக் கொண்டு, குடற்சுவரின் தடுப்பாற்றலை, அதாவது அணுக்களை இறுகப் பிணைக்கும் ஒக்ளூடின், கிளாடின் போன்ற புரதங்களின் செயலை, முன்னோர் அறிந்திருந்தனர் எனச் சிலர் எழுதத் துணிகின்றனர். இது ஏற்கத்தக்கதன்று. கிரகணி நிறுத்திவைப்பது உணவின் போக்கை. அது காலம் பற்றிய கருத்து. குடற்சுவர் தடுப்பது நச்சும் நுண்ணுயிரும் உட்புகுவதை; அது எல்லை பற்றிய கருத்து. உவமையைச் சான்றாக்கும் இப்பழக்கம் நூலுக்கும் நேர்மை செய்வதில்லை, அறிவியலுக்கும் செய்வதில்லை.

சீன மரபினர் இதே இடரை எதிர்கொண்ட விதம் கருதத்தக்கது. 'தொங் சியே யாவ் பாங்' என்னும் நான்கு சரக்கு மருந்தை அவர்கள் கல்லீரல் மண்ணீரலை அடக்கும் நிலைக்கு உரியதென வகுத்தனர். குடற்சுவர் ஆய்வு பின்னரே வந்து சேர்ந்தது. 1998இல் ஆஸ்திரேலியாவில் பென்சூசனும் பிறரும் 116 நோயாளரிடம் நடத்திய ஆய்வு, பொதுக் கலவை, ஆளுக்கேற்ற கலவை, வெற்று மருந்து என மூன்றையும் ஒப்பிட்டது. மருந்துண்ட காலத்தில் முதலிரண்டும் பயன் தந்தன. நிறுத்தியபின் 14 வாரம் கழித்துப் பார்த்தபோது ஆளுக்கேற்ற மருந்துண்டோரிடமே பயன் நிலைத்தது. பெயரை மாற்றாமல், தம் நோய்க்கணிப்பையே அவர்கள் சோதனைக்கு வைத்தனர். நமது சுண்டைவற்றல் சூரணத்துக்கு அத்தகைய சோதனையே தேவை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், சீன மரபின் பெயர்களைத் தொடர்ந்து, 2024 சனவரியில் ஆயுர்வேத, சித்த, யுனானிப் பெயர்களும் இடம்பெற்றன. இனித் தவறான நிகர் ஒன்று குறியீடாகிப் புள்ளிவிவரமாகிவிடும்.

வேப்பந்தட்டைப் பக்கத்து உழவர் ஒருவர் மருத்துவரிடம் குன்மம் என்றோ கிராணி என்றோ கூறப்போவதில்லை. 'சோறு தின்னதும் வெளிக்குப் போவணும்ங்குது, வயிறு கடுக்குது' என்பார். யூகியின் பாடல்களிலுள்ள குறிகளை, சுவடிப் பாட வேறுபாடுகளோடு, இத்தகைய பேச்சு வழக்கோடு வைத்து நோக்கும் சொல்லடைவு ஒன்று முதலில் வேண்டும். நிகர் காணும் பணி அதன் பின்னரே தொடங்க இயலும்.