எல்லா எதிராளிக்கும் ஒரே அணிவகுப்பா?

செஸ்ஸில் வெள்ளைக்காய்க்கு ஓர் ஓப்பனிங் வேண்டும், ஆனால் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்ய நேரமில்லை என்பவர்கள் பலரும் வந்து சேரும் இடம் லண்டன் சிஸ்டம். டி4-இல் சிப்பாய், எஃப்4-இல் மந்திரி, இ3, சி3-இல் துணைச் சிப்பாய்கள், எஃப்3, டி2-இல் குதிரைகள், அப்புறம் காஸ்லிங். கறுப்பு எப்படி ஆடினாலும் ஏறக்குறைய இதே அணிவகுப்பு. 1922 லண்டன் போட்டியை ஒட்டி வந்த பெயர் இது. எதற்கும் வளைந்துகொடுக்கும் ஓப்பனிங் என்று புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியில் பாதிதான் உண்மை.

முதலில் உண்மையான பாதி. இ4 ஆடித் தொடங்குபவர் சிசிலியன், பிரெஞ்சு, காரோ-கான் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தயாராக வேண்டும். லண்டனில் அந்தச் சுமை குறைவு. இ3 ஆடும் முன்பே மந்திரி வெளியே வந்துவிடுவதால் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபடுவதில்லை. ராஜாவும் பத்திரம். மிச்சமாகும் நேரத்தை எண்ட்கேமுக்குச் செலவிடலாம்.

குறையும் அந்த மந்திரி கிளம்பியதிலேயே தொடங்குகிறது. காவல் போன பி2 சிப்பாயைக் குறிவைத்து, கறுப்பு சி5 ஆடி ராணியை பி6-க்குக் கொண்டுவரும். பழக்கத்தில் கை நகர்த்துபவர் இங்கேயே தடுமாறுவார். கிங்ஸ் இண்டியன் பாணியில் ஜி6, டி6 ஆடி இ5 தள்ளினாலோ, விரட்டப்பட்ட மந்திரி எச்2-இல் ஒதுங்கி, எதிரிலுள்ள சிப்பாய்ச் சுவரை முட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சி4 தள்ளாததால் மையத்தில் நெருக்கடி குறைந்து, கறுப்பு எளிதில் சமநிலைக்கு வந்துவிடுகிறது.

அதற்காக ஓப்பனிங்கே மட்டம் என்று சொல்லிவிட முடியாது. 2023-இல் அஸ்தானாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தில் டிங் லிரன் நெபோம்னியாச்சியை வென்றது லண்டனில்தான். ஆனால் வழக்கம்போல இன்னொரு மந்திரியை அவர் டி3-இல் வைக்கவில்லை. கறுப்பு மந்திரி எஃப்5-க்கு வந்ததும், தன்னுடையதை பி5-க்கு அனுப்பி சி6 குதிரையைக் கட்டிப்போட்டார். அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் சென்னையின் குகேஷுக்கு எதிராகவும் ஆறாவது ஆட்டத்தில் லண்டன் ஆடினார். குகேஷ் அதை டிரா செய்தார்.

ஆக, வளைந்துகொடுப்பது ஆடுபவர் வேலை. அணிவகுப்பு அதைத் தானாகச் செய்யாது. லண்டன் கற்பவர் மூன்று சூழல்களையாவது தனியே பழக வேண்டும். ராணி பி6-க்கு வந்தால், தன் ராணியை பி3-இல் வைத்து மாற்றிக்கொள்ள அழைக்கலாம். கறுப்பு வெட்டினால், ஏ சிப்பாய் திருப்பி வெட்டி யானைக்கு வழி திறக்கும். ஜி6 கண்டால், சி3 சிப்பாயை மறந்து குதிரையை அங்கே வைத்து இ4 தள்ளப் பார்க்கலாம். டி4-இல் வெட்டு நடந்தால், இ சிப்பாயால் திருப்பி வெட்டி இ5-இல் குதிரைக்கு இடம் பிடிக்கலாம். இவற்றைப் பழகாதவருக்கு லண்டன் ஏழெட்டு நகர்வு வரைதான் துணை வரும்.