களிமண் எலும்பைத் தொடுமா?

பொங்கலுக்கு மேல்சித்தாமூர் போயிருந்தபோது சித்தப்பா ஒரு பாக்கெட்டைக் காட்டினார். தீவனத்தில் கலக்கும் 'டாக்சின் பைண்டர்'. பூஞ்சை நஞ்சோடு ஈயம், காட்மியம் எல்லாத்தையும் மாட்டின் உடம்பிலிருந்து வெளியேற்றுமாம். கொட்டகை ஓரம் உடைந்து கிடந்த டிராக்டர் பேட்டரியை மாடு நக்கியதைப் பார்த்துவிட்டு வாங்கி வந்திருக்கிறார். "நீதான் இதெல்லாம் படிக்கிறியே, வேலை செய்யுமா சொல்லு" என்றார்.

உள்ளே இருப்பது பெண்டோனைட் களிமண், ஈஸ்ட். உலோகத்துக்குச் சோதித்ததாக ஒரு வரிகூட இல்லை.

தீவனத்தில் எதையாவது கலந்து உலோகத்தைக் குறைக்க முடியுமா? முடியும். 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு புல் வழியாகக் கதிரியக்க சீசியம் பாலுக்கு வந்தது. பிரஷ்யன் நீலம், அதாவது பெயிண்டில் போடும் நிறமி வகை, கறவை மாட்டுக்கு நாளுக்குச் சுமார் 3 கிராம் கொடுத்தார்கள். பாலில் சீசியம் 90% வரை குறைந்தது. காரணம் எளிது. சீசியம் உடம்பில் பொட்டாசியம் மாதிரி சுற்றும். எச்சிலிலும் செரிமான நீரிலும் கலந்து திரும்பத் திரும்பக் குடலுக்கு வரும். வரும்போதெல்லாம் நீலம் அதைப் பிடித்துச் சாணியோடு அனுப்பிவிடும்.

ஈயம் கால்சியம் மாதிரி நடிக்கும். எலும்பில் போய் உட்கார்ந்தால் வருஷக்கணக்கில் நகராது. குடலில் இருக்கிற களிமண் அங்கே எப்படிப் போகும்? இன்றைக்குத் தின்ற ஈயத்தில் கொஞ்சத்தை வேண்டுமானால் தடுக்கலாம். அதற்குப் பெயர் 'தடுக்கும்', 'வெளியேற்றும்' இல்லை. என் சண்டை அந்த ஒரு வார்த்தையோடுதான்.

இன்னொன்று. களிமண்ணிலேயே ஈயம் இருக்கும். முழுத் தீவனத்தில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஈயம் வரை அனுமதிக்கும் ஐரோப்பிய ஒன்றியம், இந்த மாதிரி பைண்டர்களுக்கு 30 வரை விடுகிறது. கொஞ்சமாகத்தான் கலக்கிறோம் என்பது கணக்கு. சரிதான், ஆனால் ஈயம் எடுக்க ஈயம் வாங்குவது எனக்குச் சிரிப்பாக இருந்தது. (1997-ல் அமெரிக்காவில் தீவனத்தில் சேர்த்த களிமண் வழியாகவே டையாக்சின் கோழிக்கும் கெளுத்தி மீனுக்கும் போனது.)

பேட்டரித் தகட்டை மாடு விழுங்கியிருந்தால் துண்டு வயிற்றிலேயே தங்கிக் கரைந்துகொண்டே இருக்கும். அதற்குக் கால்நடை மருத்துவர் போடும் கால்சியம் இடிடிஏ ஊசி வேறு சமாச்சாரம். அது ரத்தத்தில் வேலை செய்கிறது.

"அப்ப இந்த பாக்கெட்டு?"

"போட்டா கெடுதல் பெருசா இல்ல சித்தப்பா. ஆனா போட்டுட்டோம்னு நீங்க நிம்மதியா இருந்துடக் கூடாது."

பாலில் ஈயத்துக்கு கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். பேட்டரியை அன்றைக்கே அப்புறப்படுத்தினோம். டாக்டரிடம் சொல்லி ரத்தமும் பாலும் லேபுக்குப் போயிருக்கு. ரிசல்ட் வரும்வரை சொசைட்டிக்குப் பால் ஊற்றவில்லை. பேத்திக்கு எதிர்வீட்டுப் பால்.