ஆறு மாதம் ஸ்கிளீரல் லென்ஸ் போட்டுப் பார்த்ததில்

ஜார்ஜ்டவுன் லெபு பசாரில் நின்று தமிழ்க் கடைப் பலகைகளைப் படிக்க முடியாமல் பல வருடம் தவித்திருக்கிறேன். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் ஒரு புள்ளி எனக்கு மூன்றாகத் தெரியும். இரவில் பினாங்குப் பாலத்தில் முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்குகள் வால் முளைத்து வழியும். கெரட்டோகோனஸ் என்றார் மருத்துவர். கருவிழியின் முன்படலம் மெலிந்து, கூம்பு போலப் பிதுங்கும் நோய் இது. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குகிறது. அந்தப் பரப்பே கோணலாகிவிட்ட பிறகு மூக்குக்கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் பலனில்லை. நானும் மாற்றிப் பார்த்துச் சலித்தவன்தான்.

ஸ்கிளீரல் லென்ஸ் கெட்டியானது; ஆக்சிஜன் ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்தது. என்னுடையது 16.5 மில்லிமீட்டர் அகலம். கருவிழியைத் தொடாமல் அதற்கு மேலே கூரை போல் நின்று, விளிம்பு மட்டும் வெள்ளை விழியில் உட்காருகிறது. நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு உப்புநீர். கோணலை நிரப்பிச் சமன்செய்வது அந்த நீர்தான். யோசனை பழையது. 1888இல் ஜூரிக்கில் அடோல்ஃப் ஃபிக் செய்த கண்ணாடி லென்ஸும் இப்படி வெள்ளை விழியில் அமர்ந்ததுதான். ஆனால் அதில் காற்றுப் புகாது, சில மணி நேரத்துக்குமேல் தாங்காது. இன்றைய பிளாஸ்டிக் அந்தத் தடையை நீக்கிவிட்டது.

போடுவதுதான் பெரிய வேலை. சிறிய ரப்பர் உறிஞ்சியில் லென்ஸைக் கிண்ணம்போல் நிறுத்தி, கெடாமல் காக்கும் வேதிப்பொருள் கலக்காத உப்புநீரை விளிம்புவரை ததும்ப நிரப்ப வேண்டும். தலையைக் கவிழ்த்து, முகம் மேசைக்கு நேராக இருக்க, இரண்டு இமைகளையும் விரித்துப் பிடித்து, கீழிருந்து மேலே கொண்டுவர வேண்டும். நீர் சில்லென்று தொட்டதும் கண் மூடத் துடிக்கும், மூடக் கூடாது. உள்ளே ஒரு காற்றுக்குமிழி தங்கிவிட்டாலும் கழற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் வாரம் ஒரு கண்ணுக்கு இருபது நிமிடம் போனது. இப்போது பசியாறுவதற்குமுன் இரண்டு நிமிடத்தில் முடிகிறது. கழற்றும்போது உறிஞ்சியை லென்ஸின் நடுவில் வைக்காமல் விளிம்போரம் வைத்துச் சாய்த்து எடுக்க வேண்டும். நடுவில் வைத்து இழுத்தால் கண்ணே சேர்ந்து இழுபடுவதுபோல் வலிக்கும்.

பார்வை? முதல் நாளே அதே லெபு பசாரில் புள்ளி ஒன்றாகத் தெரிந்தது. அங்கேயே நின்று பலகை பலகையாகப் படித்தேன். வீடு திரும்ப நேரமாகிவிட்டது.

குறைகளும் உண்டு. நாலைந்து மணி நேரத்தில் உள்ளிருக்கும் நீர் கலங்கி, புகைமூட்டத்தில் பார்ப்பதுபோல் ஆகிறது. மதியம் ஒருமுறை கழற்றி நீர் மாற்றுகிறேன். அதனால் உப்புநீர்க் குப்பியும் உறிஞ்சியும் எப்போதும் பையில் இருக்கும். விலை சாதாரண லென்ஸைவிடப் பல மடங்கு. ஒரே தடவையில் பொருந்தியும் விடாது. சோதனை லென்ஸைப் போட்டு, அது விழியில் அமரும்வரை காத்திருந்து, சாயம் விட்டு இடைவெளி பார்த்து, திருத்தி, மறுபடியும் போக வேண்டும். அனுபவமுள்ள ஆப்டோமெட்ரிஸ்ட் அமைவதில்தான் பாதி வெற்றி. சிகிச்சைக்குத் தமிழகம் போகிறவர்களுக்குச் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் இவ்வகை லென்ஸ் பொருத்துகிறார்கள்.

குழாய்த் தண்ணீர் லென்ஸில் பட விடாதீர்கள். அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் பார்வையையே பறிக்கும். லென்ஸோடு தூங்காதீர்கள்.

என் தீர்ப்பு: கருவிழி மாற்று அறுவைக்குச் சம்மதிக்குமுன், உங்கள் கண்ணுக்கு இது பொருந்துமா என்று கட்டாயம் கேளுங்கள். ஆனால் இது பார்வையைத் தருமே தவிர நோயை நிறுத்தாது. நிறுத்துவதற்கு ரைபோஃபிளேவின் சொட்டும் புறஊதா ஒளியும் கொண்டு செய்யும் கிராஸ்லிங்கிங் இருக்கிறது. அதைச் சீக்கிரம் செய்தால்தான் பலன். வீட்டில் வருடா வருடம் பவர் மாறுகிற, ஓயாமல் கண்ணைக் கசக்குகிற பிள்ளை இருந்தால் அடுத்த கண்ணாடிக்கு அளவு கொடுக்குமுன் கருவிழி வரைபடம் எடுக்கச் சொல்லுங்கள்.