ரேஞ்சுக்குள் புகுந்த யானை

கன்னிவாடியில் 'ரேஞ்ச்' என்றால் ரேஞ்சர் ஆபீஸ்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். திண்டுக்கல் வனக்கோட்டத்தில் அது ஒரு வனச்சரகம். ஊரை ஒட்டி நிற்கும் பழனி மலைத்தொடரும் ஆங்கிலத்தில் ரேஞ்ச்தான். ஜவுளிக்கடையில் "எந்த ரேஞ்சுல பாக்குறீங்க?" என்றால் விலை. "அவரு ரேஞ்சே வேற" என்றால் அந்தஸ்து. மலை தாண்டி கேரளத்துக்குப் போனால் செல்போன் சிக்னலுக்கும் அதே பெயர். நாம அதை டவர்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டோம்.

வேர் ஒன்றுதான்: வரிசை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். பள்ளிக்கூட ரேங்க் அதன் உடன்பிறப்பு. பிறகு சுற்றித் திரிவதும் ரேஞ்ச் ஆனது. காட்டைச் சுற்றி வந்தவர் ரேஞ்சர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் (1965) எப்போதும் என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சிதம்பரநாதன் செட்டியார் குழுவின் உழைப்பு சாதாரணமானதல்ல. ஆனால் அது பொருள்களை அடுக்கித் தருமே தவிர, எந்த இடத்தில் எது பொருந்தும் என்று வாக்கியம் போட்டுக் காட்டாது. தமிழ்ச் சொற்களுக்கு அந்த வேலையை க்ரியா அகராதி (1992) செய்தது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர் இன்னும் பட்டியலைப் பார்த்து ஒன்றைப் பொறுக்க வேண்டியதுதான்.

பொறுக்குவதில் என்ன வந்துவிடும்? சமீபத்தில் யானைகள் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைப் படித்தேன். யானையின் ரேஞ்ச் என்று மூலத்தில் இருந்திருக்க வேண்டிய இடத்திலெல்லாம் 'சரகம்'. காட்டுயிர் ஆய்வாளர்கள் அந்தச் சொல்லால் குறிப்பது, ஒரு யானை தீனிக்கும் தண்ணீருக்குமாகச் சுற்றிவரும் மொத்த நிலப்பரப்பை. அது பல நூறு சதுர கிலோமீட்டர் வரைகூடப் போகும்; காடு, தோட்டம், ரோடு எல்லாம் அதில் அடக்கம். சரகமோ நிர்வாகத்துக்காக மனுஷன் போட்ட கோடு. போலீஸிலும் திண்டுக்கல் சரகம் உண்டு. இந்த ஒரு சொல் மாறியதும், தன் இடத்தில் நடந்துகொண்டிருந்த யானை அடுத்த சரகத்துக்குள் 'புகுந்தது' ஆகிவிட்டது. புகுந்தது என்று எழுதினால் அடுத்த வரி 'விரட்டினர்'தானே?

தமிழில் வார்த்தை இல்லை என்று சொல்ல முடியாது. 'யானைகள் நடமாடும் பகுதி' என்று வனத்துறையே ரோட்டோரத்தில் போர்டு வைத்திருக்கிறது.