கிளியின் கழுத்தில் ஒரு கோடு

குழந்தைப் பாட்டு நூலில் படம் எதற்கு? அழகுக்கு என்பார் சிலர். விற்பனைக்கு என்பார் சிலர். நாற்பது வருஷமாகத் தில்லியில் துணி வியாபாரம் செய்யும் அடியேனைக் கேட்டால், படம் என்பது மூட்டைமேல் ஒட்டும் சீட்டு. சீட்டில் ஒன்று, உள்ளே வேறு என்றால் சரக்கு திரும்பி வந்துவிடும்.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) குழந்தைகளுக்காகப் பாடிய கிளிப்பாட்டு நம்மில் பலருக்கு மனப்பாடம். அவர் பிறந்த தேரூர், நீர்ப்பறவைகள் வந்து தங்கும் குளத்தை உடைய ஊர். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பாட்டில் குழந்தை கிளியை உண்ண அழைக்கிறது, விளையாட அழைக்கிறது. கடைசியில் அதன் கழுத்தைச் சுற்றியுள்ள வண்ண வளையத்தைக் காட்டி, இந்த ஆரத்தை உனக்குப் பூட்டியவர் யார் என்று கேட்கிறது. விடை இல்லை, நீதி உபதேசமும் இல்லை. ஒரு பறவையை உற்றுப் பார்த்த வியப்போடு பாட்டு முடிகிறது. சங்கப் புலவர்கள் 'செந்தார்' என்று சொன்னதும் இந்தக் கழுத்துக் கோட்டைத்தான்.

சென்ற ஆண்டு ஊருக்குப் போனபோது, இந்தப் பாட்டு அடங்கிய வண்ணப்பட நூல் ஒன்றைப் பேத்திக்காக வாங்கி வந்தேன். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். குறை ஒருவருடையது மட்டும் அல்ல. வழவழப்பான தாள், நல்ல அச்சு. படத்தில் தங்கக் கூண்டு. உள்ளே சிவப்பும் நீலமுமாகத் தென்னமெரிக்க மக்காவ் கிளி! நான் பாடி முடித்ததும் பேத்தி படத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தாத்தா, கழுத்துல மாலை எங்கே?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

கொல்லாமை பேசும் குடியில் பிறந்தவன் ஆகையால் கூண்டு எனக்குப் பிடிக்காது. நம் நாட்டுக் கிளியை அடைத்து வளர்ப்பதைச் சட்டமும் அனுமதிப்பதில்லை. ஆனால் என் குறை அதுவல்ல, பாட்டைப் பற்றியது. கவிமணியின் குழந்தை கிளியை 'வா' என்று அழைக்கிறது. வருவதும் வராததும் கிளியின் விருப்பம். கூண்டில் இருப்பதை யாராவது 'வா' என்று கூப்பிடுவார்களா? கூண்டை வரைந்ததும் பாட்டின் முதல் சொல் பொய்யாகிறது. கழுத்துக் கோட்டை விட்டதும் கடைசிக் கேள்வி பொய்யாகிறது. அப்புறம் மிச்சம் என்ன?

ஓவியருக்குக் கற்பனை கூடாதா என்று கேட்கலாம். தாராளமாக வேண்டும். காக்கைக்குக் குல்லாய் போடட்டும், கோழிக்குக் குடை பிடிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பாட்டு எதை நம்பி நிற்கிறதோ, அதை மட்டும் அழிக்கக் கூடாது.

இது வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத்தான் பெரிய விஷயம். ஊர்க் குழந்தைக்குப் 'பச்சைக்கிளி' என்ற சொல்லைக் கொய்யா மரமும் பாட்டியும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இங்கே பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்துவிட்டு, எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்கும் பிள்ளைக்குப் படம்தான் அகராதி. அகராதி தப்பாக இருந்தால் சொல்லும் தப்பாகவே பதியும்.

அடுத்த ஞாயிறு அவளை லோதி தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். பழைய கல்லறை மண்டபங்களின் கல் பொந்துகளில் பச்சைக்கிளிகள் குடியிருக்கின்றன. சிலவற்றுக்கு வளையம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. வளர்ந்த ஆண் கிளிக்கே அது தெளிவாக இருக்கும் என்று சொன்னேன். கவிமணி அந்தக் கிளியைப் பெண்ணாக விளிப்பது குழந்தையின் கொஞ்சல். அதைப் பிழை என்று பிடிக்க வேண்டாம். வளையத்தைக் கண்டதும் பேத்தி தானாகவே அந்தக் கேள்வியைப் பாடினாள்.

நம் சங்கத்துத் தமிழ் வகுப்புக்கு ஒரு வேண்டுகோள். பறவைப் பாட்டை முதலில் படமில்லாமல் சொல்லிக் கொடுப்போம். பிறகு பறவையைக் காட்டுவோம். அதன்பின் பிள்ளைகளே வரையட்டும்.

வீடு திரும்பியதும் பேத்தி அந்த நூலை எடுத்து, மக்காவின் கழுத்தில் பேனாவால் ஒரு வளையம் போட்டாள். கூண்டுக் கதவையும் திறந்து வரைந்தாள். புத்தகத்தைக் கெடுத்துவிட்டாள் என்று அவள் அம்மா கோபித்தாள். பிழை திருத்தியிருக்கிறாள் என்றேன் நான்.